புதிய எலக்ட்ரிக் கிட்டாரின் நெக் மூட்டில் குறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்டியைப் பிரித்து கிட்டாரை வெளியே எடுத்ததும் பலரும் முதலில் பார்ப்பது பெயிண்டை. பார்க்க வேண்டியது நெக்கும் (விரல் வைத்து வாசிக்கும் நீளமான பகுதி) பாடியும் (உடல் பகுதி) சேருமிடத்தை. ஆறு கம்பிகளின் இழுவையும் சேர்ந்து விழும் இடம் அது. 10–46 செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம்) போட்டு வழக்கமான சுருதியில் வைத்தால் மொத்த இழுவை ஏறக்குறைய 46 கிலோ. அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஹெட்ஸ்டாக்கிலும் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பிரிட்ஜிலும் (பாடியின் மேல் கம்பிகள் பிடிபடும் இடம்) அது பல மடங்காகத் தெரியும். அதே சமயம், அங்கே கண்ணில் படும் கோடும் இடைவெளியும் எல்லாமே குறை அல்ல. எது குறை, எது வெறும் தோற்றம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

எல்லா கிட்டாரிலும் நெக் மூட்டு ஒரே மாதிரிதானா?

இல்லை. மூன்று வகை உண்டு. அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1950-இல் கொண்டுவந்த எஸ்கொயர், பிராட்காஸ்டர் மாடல்களின் காலத்திலிருந்து பரவிய வழி போல்ட்-ஆன். பாடியில் நெக் பாக்கெட் என்ற பள்ளம் இருக்கும். நெக்கின் அடிப்பாகமான ஹீல் அதில் உட்காரும். பின்பக்கத்திலிருந்து நான்கு ஸ்க்ரூக்கள் அதை இழுத்துப் பிடிக்கும். போல்ட் என்று பெயர்தானே தவிர, பெரும்பாலானவற்றில் இருப்பவை மர ஸ்க்ரூக்கள்தான். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் போன்றவற்றில் நெக்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மூன்றாவது வகை நெக்-த்ரூ: நெக் மரமே பாடியின் நடுவே கடைசிவரை ஓடும், அதில் மூட்டே கிடையாது.

போல்ட்-ஆனில் வரும் குறைகளில் முக்கால்வாசி கையால் சரிசெய்யக்கூடியவை. ஒட்டிய நெக்கில் வந்தால் கதை வேறு. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

பாக்கெட் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது. இது குறையா?

பக்கவாட்டு இடைவெளியா, அடிப்பக்க இடைவெளியா என்பதைப் பொறுத்தது.

ஹீலின் பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, அதாவது 0.3 முதல் 0.5 மி.மீ. வரை, இடம் இருப்பது சாதாரணம். ஃபெண்டர் பாணி ஹீலின் அகலம் சுமார் 55.6 மி.மீ., பாக்கெட்டின் அகலம் சுமார் 56 மி.மீ. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் உப்பும், சுருங்கும். பெயிண்டும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். பிடிப்பு வருவது பக்கச் சுவரிலிருந்து அல்ல, அடித்தளத்திலிருந்துதான். அதனால் பக்கவாட்டு இடைவெளியால் நெக் நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 1 மி.மீ.க்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்றால் அது வேலைத்தரத்தின் லட்சணம். புதுக் கிட்டாரில் அதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

அடிப்பக்க இடைவெளி அப்படியல்ல. ஹீலின் அடிப்பாகம் பாக்கெட்டின் தரையில் முழுக்கப் படிந்திருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைப் பாடியின் விளிம்பில், நெக் பாடிக்குள் நுழையும் இடத்தில் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: தொழிற்சாலையிலேயே ஷிம் (நெக்கின் கோணத்தைச் சரிசெய்ய ஹீலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய துண்டு) வைத்திருப்பார்கள், பாக்கெட் தரையில் பெயிண்ட் திட்டோ மரத்தூளோ சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் ஸ்க்ரூக்கள் நெக்கை முழுக்க இழுக்கவில்லை. முதலாவது குறையே அல்ல.

மூட்டு உண்மையிலேயே நகர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்யுங்கள். பாடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஹெட்ஸ்டாக்கை உங்களைப் பார்த்து மெதுவாக இழுத்து விடுங்கள். சுருதி கொஞ்சம் மாறும். எந்த மரமும் வளையும், அதில் தவறில்லை. கவனிக்க வேண்டியது விட்ட பிறகு நடப்பதை. ட்யூனரில் முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டால் மூட்டு உறுதியாக இருக்கிறது. திரும்பாமல் ஐந்து பத்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளி நின்றால் ஏதோ ஒன்று நழுவியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) கம்பி சிக்குவதாகவும் இருக்கலாம். அதனால் நட் பள்ளத்தில் பென்சில் தூள் கொஞ்சம் தடவிவிட்டு மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள்.

அடுத்து பக்கவாட்டுச் சோதனை. கட்டைவிரல் நகத்தை ஹீலும் பாடியும் சேரும் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஹெட்ஸ்டாக்கைப் பக்கவாட்டில், தடித்த கம்பி பக்கமும் மெல்லிய கம்பி பக்கமுமாக, லேசாகத் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு நகத்துக்குத் தெரியும். "டிக்" என்றோ "கிரீச்" என்றோ சத்தம் வந்தாலும் அது நகர்வுதான்.

சோதனைதானே என்று பலம் காட்ட வேண்டாம். ஹெட்ஸ்டாக்கில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் ஹீலில் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும்.

திருப்பி அனுப்புவதா, நானே சரிசெய்துகொள்வதா?

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் முடிவு செய்யவேண்டிய கேள்வி இது. திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் பாருங்கள். அந்தக் கெடு முடியும்வரை டிரில், உப்புத்தாள், பசை மூன்றையும் தொடாதீர்கள். மரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

ஸ்க்ரூவை இறுக்குவது, நெக்கை நேர்ப்படுத்துவது, ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பி) திருப்புவது, காகித ஷிம் வைப்பது ஆகியவை தடயம் விடாத வேலைகள். இவற்றால் தீரும் குறைக்காகக் கிட்டாரைத் திருப்பி அனுப்பினால், மாற்றி வருவதிலும் அதே மாதிரி ஒன்று இருக்கலாம். ஆனால் பாக்கெட்டே கோணலாக வெட்டப்பட்டிருப்பது, ஸ்க்ரூத் துளை இடம் தவறியிருப்பது, மரத்தில் வெடிப்பு, ஒட்டிய நெக் பிரிவது, ஸ்க்ரூ நுனி ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் பதித்த, விரல் வைக்கும் பலகை) வரை வந்து மேடு தட்டுவது ஆகியவற்றை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. திருப்பிவிடுங்கள்.

கடைக்கு எழுதும்போது "நெக் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் "செட்டப் செய்தால் சரியாகிவிடும்" என்று பதில் வரும். அளவு கொடுங்கள். "கடைசி ஃப்ரெட்டில் தடித்த இ கம்பிக்கும் ஓரத்துக்கும் 5 மி.மீ., மெல்லிய இ கம்பிக்கும் ஓரத்துக்கும் 1 மி.மீ.; ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தியும் மாறவில்லை" என்பது மறுக்க முடியாத வாசகம். ஸ்டீல் ஸ்கேலை அருகில் வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து எடுத்த படமும், சீரியல் எண்ணின் படமும் இருக்கட்டும். பெட்டியையும் உள்ளே வந்த ஃபோமையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மெல்லிய இ கம்பி ஃப்ரெட்டின் ஓரத்தில் வழுக்கி வெளியே விழுகிறது. என்ன செய்வது?

போல்ட்-ஆன் கிட்டார்களில் இதைவிட அதிகம் வரும் புகார் இல்லை. பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

முதலில் குற்றவாளி நெக்தானா என்று பாருங்கள். நட்டில் இரு ஓரங்களிலும் இடம் சமமா? அங்கேயே ஒரு பக்கம் குறைவு என்றால் நட்டை வெட்டியதில் தவறு. அங்கே சமமாக இருந்து கடைசி ஃப்ரெட்டில் மட்டும் சாய்ந்தால் நெக்கோ பிரிட்ஜோ காரணம். பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பகுதி) டி, ஜி கம்பிகள் நடுவிலுள்ள இரு காந்தத் தலைகளின் மேல் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில் சரியாகவும் நெக் பக்கப் பிக்கப்பில் விலகியும் போனால் நெக் திரும்பியிருக்கிறது. இரண்டிலும் விலகினால் பிரிட்ஜ் இடம் தவறியிருக்கலாம்.

நெக்தான் என்று தெரிந்ததும், கம்பிகளை இரண்டு சுரம் இறக்குங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம், கம்பி இருந்தால்தான் எங்கே போகிறது என்று பார்க்க முடியும். நான்கு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். மெல்லிய இ கம்பி வழுக்குகிறது என்றால், ஹெட்ஸ்டாக்கைத் தடித்த கம்பி இருக்கும் திசைக்கு, அதாவது வாசிக்கும்போது மேலே, உங்கள் முகம் இருக்கும் பக்கம் தள்ளுங்கள். தடித்த இ வழுக்கினால் எதிர்த்திசை. தள்ளியபடியே பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். மறுபடி ட்யூன் செய்து அளந்து பாருங்கள்.

எவ்வளவு நகரும்? ஹீல் பாக்கெட்டுக்குள் 76 மி.மீ. நீளம் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒரு முனை 0.5 மி.மீ. திரும்ப இடமிருந்தால், நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம் 648 மி.மீ. உள்ள கிட்டாரில் நட் 2.5 மி.மீ.க்கு மேல் நகரும், கடைசி ஃப்ரெட்டில் கம்பி ஏறக்குறைய 1 மி.மீ. இடம் மாறும். ஒரு பக்கம் 1 மி.மீ. கூடி மறுபக்கம் 1 மி.மீ. குறைவதால், இரு ஓரங்களுக்கும் இடையே 2 மி.மீ. வரையான வித்தியாசம் இப்படியே தீரும். அதற்கு மேல் என்றால் பாக்கெட்டைச் செதுக்க வேண்டும், அல்லது துளைகளை அடைத்துப் புதிதாகப் போட வேண்டும். புதுக் கிட்டாரில் அந்த வேலை விற்றவருடையது.

பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடில்களை முழுக்க இறக்கியும், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலான தூரம், அதாவது ஆக்‌ஷன் உயரமாகவே இருக்கிறது. நெக் கோணம் தவறா?

ஆக இருக்கலாம், ஆனால் முதலில் ட்ரஸ் ராடைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, 7 அல்லது 8-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளக்கவும். 0.2 முதல் 0.25 மி.மீ. சரி. அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. அதை நேராக்காமல் கோணத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. வளைவை நெக் கோணத்தாலும், கோணத்தை ட்ரஸ் ராடாலும் சரிசெய்யப் பார்ப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தப்பு.

ட்ரஸ் ராட் சரியாக இருந்தும், சாடில் தரையைத் தொட்டும், 17-வது ஃப்ரெட்டில் கம்பி 1.6 மி.மீ.க்கு இறங்க மறுத்தால் கோணம் போதவில்லை. ஹீலின் பின்முனைக்கு அடியில், பிக்கப் பக்கத்தில், ஷிம் வைக்க வேண்டும். நேர்மாறாக, சாடில்களை உச்சிக்கு ஏற்றியும் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கொண்டால் கோணம் கூடிவிட்டது. ஏற்கெனவே ஷிம் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் முன்விளிம்புப் பக்கத்தில் ஒன்று வையுங்கள்.

ஷிம் எதில் செய்வது? எவ்வளவு தடிமன்?

கணக்கு எளிது. ஃபெண்டர் அளவுக் கிட்டாரில் பாக்கெட்டின் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் சுமார் 250 மி.மீ. தள்ளி இருக்கிறது, ஹீலின் நீளம் 76 மி.மீ. ஆகவே பின்முனையில் நீங்கள் வைக்கும் தடிமனைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் பிரிட்ஜில் இடம் கிடைக்கும். 0.25 மி.மீ. ஷிம் வைத்தால் சாடிலை ஏறக்குறைய 0.8 மி.மீ. உயர்த்தினால்தான் பழைய ஆக்‌ஷன் வரும். சாடில் இன்னும் எவ்வளவு இறங்க வேண்டியிருக்கிறது என்று அளந்து, அதை மூன்றால் வகுத்தால் ஷிம் தடிமன் கைக்கு வந்துவிடும். அத்துடன் சாடில் ஏறி இறங்க ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

சோதித்துப் பார்க்க விசிட்டிங் கார்டு போதும், அது பொதுவாக 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்கும். 6 மி.மீ. அகலம், 45 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பாக்கெட்டின் பின்சுவரை ஒட்டிக் குறுக்காக வையுங்கள். ஸ்க்ரூத் துளை வழியில் குறுக்கிட்டால் அங்கே வெட்டிவிடுங்கள். தேவையான தடிமன் உறுதியானதும் நிரந்தரமாக மரத்தில் முழு அளவு ஆப்பு ஷிம் போட்டுக்கொள்ளலாம். ஒரு முனை காகிதம்போல் மெலிந்து, மறுமுனை தடித்து, ஹீலின் முழுப் பரப்பையும் தாங்கும் மேப்பிள் ஷிம்கள் 0.25, 0.5, 1 டிகிரி என்று தயாராகவே விற்கின்றன. ஹீல் நீளத்தில் கால் டிகிரி என்றால் தடித்த முனை 0.33 மி.மீ., அரை டிகிரி 0.66 மி.மீ., ஒரு டிகிரி 1.33 மி.மீ.

ரப்பர், ஃபோம், மடித்த டேப் இவை வேண்டாம். அழுத்தத்தில் நசுங்கிக்கொண்டே போகும், வாராவாரம் ஆக்‌ஷன் மாறும்.

ஷிம் வைத்தால் சஸ்டெயின் (ஒலி நீடிப்பது) போய்விடும் என்கிறார்களே?

கேட்கும் அளவுக்குப் போகாது. ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே ஷிம் வைத்து வெளியே வந்த பழைய கிட்டார்கள் ஏராளம், இன்று பெரும் விலைக்குப் போகிறவையும் அவற்றில் உண்டு. ஒலியைக் கெடுப்பது தளர்ந்த மூட்டு.

உண்மையான பிரச்சினை வேறொன்று. தடித்த பட்டை ஷிம்மைப் பின்முனையில் மட்டும் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினால், நடுவில் தாங்கலில்லாத ஹீல் காலப்போக்கில் வளைந்து, 15-வது ஃப்ரெட்டுக்கு மேல் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளலாம். கடைசி ஃப்ரெட்களில் மட்டும் கம்பி உரசும் இரைச்சல் வரும், ட்ரஸ் ராட் அங்கே எட்டாது. 0.25 மி.மீ. பட்டைக்கு இந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை. அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆப்பு ஷிம்முக்கு மாறிவிடுங்கள். கிட்டார் புதிதாக வந்தபோதே இந்தத் தூக்கல் இருந்தால், 12-வது ஃப்ரெட்டிலிருந்து கடைசிவரை ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, ஆடினால் படமெடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

நெக்கைக் கழற்றுவது எப்படி?

கம்பிகளைத் தளர்த்தி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுவிடுங்கள். கம்பிகள் கலையாமல் நெக்கோடு சேர்ந்தே வரும். ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைக்கக்கூடிய, ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜ்) என்றால் ஸ்பிரிங் பக்கம் ஒரு கட்டையைச் செருகி நிறுத்துங்கள். கிட்டாரை மடித்த துண்டின் மேல் குப்புறப் படுக்க வைத்து, நெக்குக்கு அடியிலும் தாங்கல் கொடுங்கள்.

ஃபிலிப்ஸ் 2-ம் எண் திருப்புளியைக் கையால் திருப்புங்கள். மின் டிரைவர் வேண்டாம். ஒரு விநாடி வழுக்கினால் பிளேட்டோடு பெயிண்டும் போகும். நான்கையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகு எடுங்கள். ஒரு அட்டையில் நான்கு துளை குத்தி, எது எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் செருகி வையுங்கள். ஹீல் பக்கம் வளைத்துச் செதுக்கிய கிட்டார்களில் ஒரு ஸ்க்ரூ மட்டும் குட்டையாக இருக்கும். அந்த இடத்தில் நீளமானதைப் போட்டால் நுனி ஃப்ரெட்போர்டைக் குத்திவிடும்.

வழக்கமான அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது. பாடி 44.5 மி.மீ., பாக்கெட் ஆழம் 15.9 மி.மீ., மிச்ச மரம் 28.6 மி.மீ., பிளேட் 2 மி.மீ. ஆகவே 45 மி.மீ. ஸ்க்ரூ ஹீலுக்குள் சுமார் 14 மி.மீ. போகிறது. ஃப்ரெட்போர்டோடு சேர்த்து ஹீல் 25.4 மி.மீ. தடிமன் என்பதால் மேலே 11 மி.மீ. மிச்சம்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் "டக்" என்று லேசாகக் கீழே விழும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து வலப்புறம் திருப்பினால் புது மரை வெட்டாமல் பழைய வழியிலேயே போகும். மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொள்ளலாம். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும்.

ஸ்க்ரூ எல்லாம் கெட்டியாக இறுகிவிட்டது. ஆனாலும் ஹீல் பாக்கெட்டில் உட்காரவில்லையே?

இது பலர் கண்ணுக்குத் தப்பும் குறை. ஸ்க்ரூவின் மரை ஹீலில் மட்டுமே கடிக்க வேண்டும், பாடியின் துளையில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். பாடியிலும் சிறிய துளை போட்டிருந்தால் ஸ்க்ரூ இரண்டு மரத்தையும் சேர்த்துக் கடித்துவிடும். கடிக்கும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்ததோ அதுவே நிலைத்துவிடும். நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் அந்த இடைவெளி மூடாது. கையில் மட்டும் "இறுகிவிட்டது" என்ற உணர்வு வரும்.

நெக்கைக் கழற்றி, ஸ்க்ரூவை விரலால் பாடியின் துளையில் தள்ளிப் பாருங்கள். தானாகப் போனால் சரி. திருப்பித்தான் நுழைக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன நிலைதான். 8-ம் எண் ஸ்க்ரூவின் வெளிவிட்டம் 4.2 மி.மீ., பாடித் துளையை 4.5 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் போதும். பெயிண்ட் சிதறாமலிருக்க, துளையின் இரு வாயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு டிரில் செய்யுங்கள். கெடு முடியாத கிட்டாரில் இதைச் செய்வதற்கு முன் கடையின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

துளை சரியாக இருந்தும் உட்காரவில்லையா? பாக்கெட் தரையைப் பாருங்கள். மூலையில் திரண்ட பெயிண்ட், ஹீலில் ஸ்க்ரூத் துளையைச் சுற்றி எழும்பிய மரவிளிம்பு, ஒட்டிக்கிடக்கும் ஸ்டிக்கர், எதுவாகவும் இருக்கலாம். விளிம்பைக் கூரான உளியால் சீவினாலே போதும். பாக்கெட் தரையை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். கை இயல்பாகவே ஓரங்களை அதிகம் தேய்க்கும், தரை குவிந்து, நெக் ஊஞ்சலாடும்.

ஒரு ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை.

ஹீலில் மரை போய்விட்டது. மரை லேசாகத் தேய்ந்திருந்தால், தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூ இரண்டு மூன்று துளி உள்ளே விட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஸ்க்ரூவைப் போடுங்கள். நார் கெட்டிப்பட்டு மரை திரும்பப் பிடிக்கும். ஈரம் இருக்கும்போது ஸ்க்ரூவைப் போட்டால் அது அங்கேயே குடியேறிவிடும். பல்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைப்பது அவசரத்துக்கு ஆகும்.

சரியான வழி: ஹீலில் துளையை 9.5 மி.மீ.க்குப் பெரிதாக்கி, மேப்பிள் அடைப்பு ஒட்டி, ஒரு நாள் கழித்து 3.2 மி.மீ. துளை போடுவது. கடையில் கிடைக்கும் உருளைக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடுவதால் ஸ்க்ரூ அதன் முனை நாரில்தான் கடிக்கும், பிடிப்பு குறைவு. ப்ளக் கட்டரால் பலகையின் முகத்திலிருந்து வெட்டிய அடைப்பு நன்றாகப் பிடிக்கும். டிரில் முனையில் 15 மி.மீ.இல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அந்த டேப் இல்லாததால் ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த முனைகள் ஒன்றிரண்டு அல்ல.

புதுக் கிட்டாரில் மரை போயிருந்தால் இது உங்கள் வேலை அல்ல என்று மறுபடியும் சொல்கிறோம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

திருப்புளியின் பிடியை மூன்று விரலால் பிடித்து, நின்ற பிறகு கால் சுற்று. குறுக்கு மூலைகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளேட் பெயிண்டுக்குள் அமுங்குகிறது என்றால் அதிகம்.

ஒரு நுணுக்கம் உண்டு. கம்பிகள் முழுச் சுருதியில் இருக்கும்போது நான்கு ஸ்க்ரூக்களையும் கால் முதல் அரைச் சுற்று வரை தளர்த்துங்கள். சின்னதாக ஒரு "க்ரக்" கேட்கலாம். கம்பிகளின் இழுவையே ஹீலைப் பாக்கெட்டின் பின்சுவரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் சத்தம் அது. உடனே மறுபடி இறுக்கிவிடுங்கள். மெக்கானிக்குகள் பலர் புதுக் கிட்டாருக்கு முதலில் செய்வதே இதுதான். அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள்.

நெக் பிளேட்டில் ஸ்க்ரூக்கள் தவிர ஒரு சின்னத் துளை இருக்கிறதே?

மைக்ரோ-டில்ட். ஃபெண்டர் 1970-களின் தொடக்கத்தில் மூன்று ஸ்க்ரூ நெக்கோடு கொண்டுவந்தது, பின்னாளில் நான்கு ஸ்க்ரூ மாடல்கள் சிலவற்றிலும் உண்டு. ஷிம் வேலையை இதுவே செய்யும். துளையின் இரு பக்கத்து ஸ்க்ரூக்களையும் நான்கு முழுச் சுற்று தளர்த்தி, 1/8 அங்குல ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பினால் ஆக்‌ஷனில் சுமார் 0.8 மி.மீ. மாற்றம் வரும். பிறகு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். தளர்த்தாமல் ஆலன் சாவியை மட்டும் முறுக்குவது ஹீலைக் குத்துவதற்குச் சமம்.

பாக்கெட் மூலையில் பெயிண்டில் முடிபோல் விரிசல். மரமும் விரிந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. பாலியெஸ்டர் பெயிண்ட் கண்ணாடிபோல் கெட்டி, மரத்தோடு சேர்ந்து வளையாது. பாக்கெட் மூலையில் மரம் மெலிந்த இடத்தில், கீழ்ப்பக்க கட்டவே (கை எட்ட பாடியில் வெட்டிய வளைவு) இருக்கும் பக்கம், நெக்கைக் கழற்றி மாட்டும்போதே விரிசல் விழும். பிரித்தறிய, நெக்கைக் கழற்றி அதே இடத்தைப் பாக்கெட்டின் உள்ளிருந்து பாருங்கள். வெளியே கோடு, உள்ளே மரம் சுத்தம் என்றால் பெயிண்ட் மட்டும். உள்ளேயும் மர நாரின் திசையில் கோடு ஓடி, விரலால் அழுத்தும்போது திறந்து மூடினால் மரம் வெடித்திருக்கிறது. இடைப்பட்ட சந்தேகத்துக்கு, கோட்டைப் படமெடுத்துத் தேதி குறித்து வைத்து, இரண்டு வாரம் கழித்து நீண்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள், கெடு இடம் கொடுத்தால்.

ஒட்டிய நெக்கில், ஹீலைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது.

நெக் மரமும் பாடி மரமும் வெவ்வேறு திசையில் சுருங்குவதால் ஒட்டுக்கோட்டின் மேல் பெயிண்ட் நூல்போல் பிளப்பது உண்டு. அது அசையாத கோடாக இருந்தால் தோற்றக் குறைதான். கம்பிகளைத் தளர்த்திய நிலையிலும், சுருதியில் வைத்த நிலையிலும் அதே கோட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சுருதி ஏற்றும்போது அகலம் கூடினாலோ, கம்பிகளின் இழுவையில் ஆக்‌ஷன் நாளுக்கு நாள் உயர்ந்தாலோ ஒட்டு விடுகிறது. உடனே கம்பிகளைத் தளர்த்தி, திருப்பி அனுப்புங்கள்.

அதற்குள் சூப்பர் க்ளூ விட்டுவிடாதீர்கள். ஒட்டிய நெக்கைச் சரியாக மறுபடி பொருத்த வேண்டும் என்றால் சூட்டாலும் நீராவியாலும் பழைய பசையை இளக்கிக் கழற்ற வேண்டும். மேலே சூப்பர் க்ளூ ஊறியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஒட்டிய நெக்கில் கோணம் தவறியிருந்தாலும் இதே தீர்ப்புதான். ஷிம் வைக்க வழியில்லாத இடம் அது.

சரிசெய்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

வரிசை முக்கியம்: சுருதி, ட்ரஸ் ராட், சாடில் உயரம், கடைசியாக இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருக்கும்படி கம்பி நீளத்தைச் சரிசெய்வது). ஷிம் வைத்தாலோ ஹீல் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலோ கம்பி நீளம் சற்று மாறியிருக்கும், அதனால் 12-வது ஃப்ரெட்டில் சுருதியைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். பிக்கப் உயரத்தையும் பாருங்கள், நெக் கோணம் மாறியதால் கம்பிகள் முன்பைவிட விலகியிருக்கும். ஒரு வாரம் வாசித்துவிட்டு ஸ்க்ரூக்களை மறுபடி தொட்டுப் பாருங்கள். தொலைவிலிருந்து வந்த கிட்டாரின் மரம் புது இடத்தின் ஈரப்பதத்துக்குப் பழகும்போது சில ஸ்க்ரூக்கள் எட்டில் ஒரு சுற்று அளவுக்கு இளகியிருக்கும். அதை இறுக்கிவிட்டு, ஹெட்ஸ்டாக் இழுப்புச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.